பழைய டீசல் கார்: பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

மேட்டைப் பார்த்து நிறுத்தினால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொள்ளும். பென்னாகரம் ரோட்டில் எங்கள் வீட்டு வாசல் ஒரு சரிவு. என் பழைய இண்டிகாவின் முழு வியாதியும் இந்த இரண்டு வரியில் இருந்தது. அது எனக்குப் புரிவதற்குள் மூன்று மாதமும், டீசல் பம்பு (டீசலை இன்ஜினுக்கு அழுத்தி அனுப்புவது) வேலைக்கு 14,000 ரூபாயும் போய்விட்டன. கடைசியில் மாற்றியது ஃபில்டருக்கு வரும் ஒரு முழம் ரப்பர் குழாயும் இரண்டு கிளாம்பும். 180 ரூபாய்.

பம்பு கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. "பம்பு போயிடுச்சு" என்று வண்டியைக் கொண்டுபோய் விட்டது நான்தான். பம்பு கடையில் பம்பைத்தானே பிரிப்பார்கள்? பிரித்தால் உள்ளே ஏதாவது தேய்ந்துதான் இருக்கும், இருபது வருஷ வண்டி. அதன் பிறகு பாலக்கோடு போகும் வழியில் இருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "நைட்டு வண்டிய எப்படி நிறுத்துவீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் பழைய டீசல் வண்டிகளைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. எனக்கு மூன்று, சொந்தக்காரர்களுக்கு நாலைந்து என்று வண்டி பார்த்துக் கொடுத்ததில் சேர்ந்ததைத்தான் கீழே அறிகுறிவாரியாக எழுதுகிறேன்.

அறிகுறி எதுவானாலும் தேடும் வரிசை ஒன்றுதான்: டேங்க், டேங்க்கிலிருந்து வரும் குழாய், ஃபில்டர், பம்பு, நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனை). டீசல் போகிற வழியிலேயே நாமும் போக வேண்டும். செலவும் அதே வரிசையில்தான் ஏறும். பின்னாலிருந்து முன்னால் போனால் நூறில் முடியலாம். முன்னாலிருந்து ஆரம்பித்தால் ஆயிரங்களில்தான் ஆரம்பிக்கும்.

உங்கள் வண்டி எந்தச் சாதி

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள். பழைய இண்டிகா (1998-இல் வந்த 1,405 சி.சி. இன்ஜின்), குவாலிஸ் (2000 முதல் 2005 வரை விற்றது) இவையெல்லாம் பழைய முறை. ஒரு ரோட்டரி பம்பு, அதிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இரும்புப் பைப், கடைசியில் நாசில். கையால் பிரித்து, கண்ணால் பார்த்து, காதால் கேட்டுப் பிழை கண்டுபிடிக்கலாம்.

2005-இல் வந்த இன்னோவா, 2007-இல் வந்த ஸ்விஃப்ட் டீசல் இவை காமன் ரெயில். ஸ்விஃப்ட்டில் இருப்பது ஃபியட்டின் 1,248 சி.சி. இன்ஜின். டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ என்று அது உட்காராத வண்டி குறைவு. இந்தியாவின் தேசிய இன்ஜின் என்றே அதற்குப் பட்டப்பெயர். பம்பு ஒரு பொதுக் குழாயில் அழுத்தத்தை ஏற்றி வைக்கும். எப்போது, எவ்வளவு தெளிப்பது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். அந்தக் குழாய்க்குள் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். கார் டயருக்குள் இருப்பது இரண்டு பார் சொச்சம். ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதனால்தான் சொல்கிறேன். பழைய மெக்கானிக்குகள் பழக்கத்தில் செய்யும் "பைப் நட்டை லூஸ் பண்ணிப் பாரு" வேலையைக் காமன் ரெயிலில் இன்ஜின் ஓடும்போது செய்யவே கூடாது. ஊசிமுனை அளவு பீய்ச்சல் தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். வெளியே கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்காராமல், உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், "டீசல் பிரஷரில் உள்ளே போய்விட்டது" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

வாங்கப் போகும்போது

முன்கூட்டியே போன் செய்து, "நான் வரும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை பானெட்டில் கை வைப்பது. சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு மணி நேரம் கழித்துப் போங்கள், முடிந்தால் மறுநாள் விடியலில். டீசல் வண்டியின் பொய்கள் எல்லாம் இன்ஜின் சூடாகிவிட்டால் மறைந்துவிடும். நாசில் ஒழுகல், ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்குவது) செத்தது, டீசல் லைனில் காற்று நுழைவது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் வலு) குறைந்தது, நான்குமே குளிர்ந்த இன்ஜினில்தான் வாயைத் திறக்கும்.

கிருஷ்ணகிரி பக்கம் வாங்குகிறவர்களுக்கு இயற்கையே ஒரு சோதனைச் சாலை கொடுத்திருக்கிறது. ஒசூர் ரோட்டில் குருபரப்பள்ளி தாண்டி மேலுமலை, சூளகிரி ஏற்றம். நாலு பேரை ஏற்றிக்கொண்டு, நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பாருங்கள். ஃபில்டர் அடைப்பும் பம்பு களைப்பும் சமதரையில் தெரியாது, ஏற்றத்தில் முழு டீசல் கேட்கும்போதுதான் தெரியும். தருமபுரிக்காரர்களுக்குத் தொப்பூர் இருக்கிறது. ஆனால் சேலத்திலிருந்து ஊருக்குத் திரும்பும் பக்கம்தான் ஏற்றம். இறக்கத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான், பிரேக் மட்டும் இருந்தால்.

விலை பேசுவதற்கு முன் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து ஒரு வெள்ளைக் கண்ணாடி டம்ளரில் கால் டம்ளர் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான ஓனர்கள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். கறுப்புக் கசடு தெரிந்தால் டேங்க் கழுவும் செலவை விலையில் கழியுங்கள். மின்னும் இரும்புத் தூள் தெரிந்தால், அதுவும் காமன் ரெயில் வண்டியாக இருந்தால், நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுங்கள். பம்பு தன்னைத் தானே அரைத்துக்கொண்டு, அந்தத் தூளை ரெயிலுக்கும் நாலு இன்ஜெக்டருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு பழைய வண்டி வாங்கலாம்.

ஆயில் ஸ்டிக்கையும் முகர்ந்து பாருங்கள். அளவு கோட்டுக்கு மேல் ஏறி, டீசல் வாடை அடித்தால், எங்கிருந்தோ டீசல் ஆயிலில் கலக்கிறது. "ஆயில் குறையவே குறையாதுங்க" என்று பெருமையாகச் சொன்ன ஓனரின் வண்டியில் ஒருமுறை இதைப் பார்த்தேன். குறையாததன் காரணம் அவருக்கே தெரியாது.

இரண்டு வகை வண்டிகளில் கூடுதல் கவனம் வேண்டும். ஒன்று, டில்லி வண்டி. அங்கே 10 வருடம் தாண்டிய டீசல் காருக்குத் தடை விதித்ததிலிருந்து மலிவாக தெற்கே வரத் தொடங்கியது. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, கையில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இன்னொன்று வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் நம் பக்கத்து ஊர்களுக்கும் விற்பனைக்கு வரலாம். டேங்க் மூடியின் உள்பக்கத் துரு, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் தெரியும் சேற்றுக் கோடு, ஸ்டெப்னி பள்ளத்தில் வண்டல், இந்த மூன்றையும் பாருங்கள்.

காலையில் மட்டும் நீண்ட நேரம் செல்ஃப் அடித்த பிறகு ஸ்டார்ட் ஆகிறது

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான், எல்லோரும் ஏமாறும் இடமும் இதுதான். காரணம் இரண்டில் ஒன்று. ராத்திரியில் டீசல் பின்வாங்கி டேங்க்குக்கே போய்விடுகிறது, அல்லது ஹீட்டர் பிளக் சூடாகவில்லை. இரண்டையும் பிரித்தறிய ஒரு ரூபாய் செலவில்லை.

காலையில் சாவியைத் தொடுவதற்கு முன் ஃபில்டர் தலையில் இருக்கும் கைபம்பை அது கெட்டியாகும்வரை அழுத்துங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் டீசல்தான் பின்வாங்குகிறது. கைபம்பு ஆரம்பத்திலேயே கெட்டியாக இருந்து, அப்படியும் ஸ்டார்ட் ஆகத் திணறினால் ஹீட்டர் பிளக் பக்கம் போங்கள். என்னைப் போல் வாசலில் சரிவு இருந்தால் ஒருநாள் முகம் மேலே, ஒருநாள் முகம் கீழே என்று நிறுத்திப் பாருங்கள். டேங்க் பின்னால் இருக்கிறது, இன்ஜின் முன்னால். முகம் மேலே இருந்தால் டீசல் சறுக்கிக்கொண்டு டேங்க்குக்குப் போய்விடும்.

பின்வாங்குகிறது என்றால் எங்கேயோ காற்று நுழைகிறது. இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ரோட்டரி பம்பு டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சி இழுக்கிறது. இழுக்கும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். ஸ்ட்ரா ஓட்டையாக இருந்தால் இளநீர் சிந்துவதில்லை, வாய்க்குத்தான் வருவதில்லை. அதனால் "எங்கேயும் ஒழுகல் இல்லையே" என்று பார்த்துவிட்டுக் குழாய் நன்றாக இருப்பதாக முடிவு செய்யாதீர்கள். நான் செய்த தவறு அதுதான்.

காற்றைக் கண்ணால் பார்க்க வழி உண்டு. ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் அரை அடி கண்ணாடிக் குழாயை, அதாவது மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் தெளிவான பிளாஸ்டிக் டியூபைப் போட்டு கிளாம்ப் அடியுங்கள். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் பாருங்கள். ஆரம்பத்தில் இரண்டு குமிழி போனால் அது நீங்கள் கழற்றியதால் வந்தது. விடாமல் சரம் சரமாகக் குமிழி போனால் அந்த டியூபுக்கும் டேங்க்குக்கும் நடுவில்தான் ஓட்டை. இப்போது டேங்க்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் பக்கத்தில் அந்த டியூபை மாற்றிப் போடுங்கள். அங்கே குமிழி இல்லையென்றால் குற்றவாளி ஃபில்டர்: அதன் ரப்பர் வாஷர், கைபம்பின் வாஷர், அடியிலுள்ள தண்ணீர்த் திருகு. அங்கேயும் குமிழி என்றால் டேங்க்கிலிருந்து வரும் லைன். சோதனை முடிந்ததும் அந்தக் கண்ணாடி டியூபைக் கழற்றிவிடுங்கள். டீசலிலும் இன்ஜின் சூட்டிலும் இரண்டே வாரத்தில் மரக்கட்டையாக இறுகி, புதிய ஓட்டைக்கு அதுவே காரணமாகும். டீசலுக்கென்று விற்கும் குழாயையே போடுங்கள்.

பழைய வண்டிகளில் திடீரென்று இந்த வியாதி வருவதற்கு இன்னொரு பின்னணியும் உண்டு. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ். 4 (புகை மாசு விதிகளின் ஒரு படி) டீசல், 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 டீசல் என்று வந்தபோது கந்தகம் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு), பிறகு 10 பி.பி.எம். என்று குறைந்தது. கந்தகத்தை எடுக்கும் சுத்திகரிப்பில் டீசலின் வேறு சில பொருள்களும் குறைகின்றன. பழைய டீசலில் பல வருடம் ஊறிப் பருத்திருந்த ரப்பர் வளையங்கள் புதிய டீசலில் சற்றே சுருங்கும். அந்த மயிரிழை போதும் காற்றுக்கு. குறை டீசலில் இல்லை, வயதான ரப்பரில்தான். பம்பின் சீல் கிட் மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையில் முழு ஓவர்ஹாலுக்குத் தலையாட்டாதீர்கள்.

ஹீட்டர் பிளக்குக்கு வருவோம். ஒசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி, தை மாதங்களில் இது பெரிய விஷயம். தருமபுரியில் சித்திரையில் இரண்டு பிளக் செத்துக் கிடந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், தெரியவே தெரியாது. பழைய முறை இன்ஜினில் பிளக்கைக் கழற்றி, ஜம்பர் கேபிளில் பேட்டரியோடு சேர்த்தால் சில விநாடிகளில் முனை செக்கச் செவேலென்று ஆக வேண்டும். கையில் பிடிக்காதீர்கள், குறடால் பிடியுங்கள். கழற்ற மனமில்லையென்றால் மேலே உள்ள ஒயரை எடுத்துவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். ஒரு ஓம் சுமாரில் காட்டினால் உயிர் இருக்கிறது, எதுவுமே காட்டாவிட்டால் செத்தது. நாலும் நன்றாக இருந்தால் அவற்றுக்கு மின்சாரம் விடும் ரிலேவைப் பாருங்கள். பழைய பிளக் திருகில் இறுகியிருக்கும். முறித்துவிட்டால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். முந்தின நாளே ஆயில் விட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போது மெதுவாகத் திருகுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏர் ஃபில்டரில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது, துணியில் பெட்ரோல் நனைத்துக் காட்டுவது, இரண்டும் இங்கே சாதாரணம். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் நேரத்தில் இதைச் செய்தால் காற்று போகும் மேனிஃபோல்டுக்குள்ளேயே வெடிக்கும். பிஸ்டன் உடைந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவே இல்லை

முதலில் டேங்க்கில் டீசல் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். பழைய வண்டியின் காட்டி முள் கால் டேங்க் காட்டிக்கொண்டே காலியாகும். ஐந்து லிட்டர் வாங்கி ஊற்றிவிட்டு மேலே படியுங்கள்.

பழைய முறைப் பம்பின் பின்புறம் ஒற்றை ஒயர் போகும் ஒரு சோலனாய்டு இருக்கும். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். அதுதான் டீசலின் கதவு. சத்தம் இல்லையென்றால் அந்த ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் ஃபியூஸ் அல்லது ஒயர். எலி கடித்த ஒயர் நம் ஊரில் சகஜம், நிலக்கடலை மூட்டை பக்கத்தில் வண்டி நிற்கும் வீடுகளில் கேட்கவே வேண்டாம். 12 வோல்ட் வந்தும் சத்தம் இல்லையென்றால் சோலனாய்டு போய்விட்டது. பம்பு நன்றாகத்தான் இருக்கும்.

'டிக்' வருகிறது என்றால் இன்ஜெக்டர் பக்கத்து பைப் நட் ஒன்றை அரைத் திருகு தளர்த்தி, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். இது பழைய முறை வண்டிக்கு மட்டும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. டீசல் துள்ளித் துள்ளி வந்தால் பம்பு வேலை செய்கிறது. அப்படியானால் பழுது வேறிடத்தில்: ஹீட்டர், கம்ப்ரஷன், டைமிங். சமீபத்தில் டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு ஆரம்பித்த வியாதி என்றால் ஒரு பல் தள்ளிப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். நுரை நுரையாக வந்தால் காற்று. எதுவுமே வராவிட்டால் ஃபில்டரிலிருந்து காற்று எடுத்து மறுபடி பாருங்கள்: ஃபில்டர் மேல் உள்ள பிளீடிங் (காற்றை வெளியேற்றும்) திருகைத் தளர்த்தி, குமிழி நின்று சுத்தமான டீசல் வரும்வரை கைபம்பு அடித்து, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே இறுக்க வேண்டும். செல்ஃப் ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். இல்லாவிட்டால் டீசல் பிரச்சினை செல்ஃப் மோட்டார் பிரச்சினையாகிவிடும்.

காமன் ரெயில் வண்டியில் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) இல்லாமல் இதற்கு மேல் நகராதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது ரெயில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக 200 பார் பக்கம் தொடாமல் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. பி 0087 என்று பிழைக் குறியீடு (கோடு) வந்தால் ரெயில் அழுத்தம் குறைவு என்று பொருள். 'பம்பு போச்சு' என்று பொருள் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் பம்பை மாற்றிவிட்டு, அதே கோடோடு திரும்பி வருகிறார்கள்.

பம்புக்கு முன் செய்ய வேண்டியது பாட்டில் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் மிஞ்சிய டீசல் திரும்பிப் போகும் மெல்லிய ரிட்டர்ன் குழாய் இருக்கும். அது நாலையும் எடுத்துவிட்டு, ஒரே அளவான நாலு சின்னப் பாட்டில்களுக்கு டியூப் விடுங்கள். வண்டியின் பழைய ரிட்டர்ன் லைன் வாயை அடைத்துவிடுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகுமென்றால் இரண்டு நிமிடம் ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல்) ஓட விடுங்கள், ஆகாதென்றால் நாலைந்து தடவை செல்ஃப் அடியுங்கள். மூன்று பாட்டிலில் அடித்தட்டு நனைந்து, ஒன்றில் மட்டும் பாதி நிறைந்திருந்தால் அந்த இன்ஜெக்டர்தான் அழுத்தத்தை முழுங்குகிறது. பம்பு ஏற்ற ஏற்ற அது திருப்பி அனுப்பிவிடும். அந்த ஒன்றைச் சரிசெய்தால் போதும். மாற்றும்போது இரண்டு விஷயம்: இன்ஜெக்டர் மேல் பொறித்திருக்கும் குறியீட்டை ஸ்கேனரில் ஏற்ற வேண்டும் (பல வண்டிகளில் இது கட்டாயம்), அடியில் உள்ள காப்பர் வாஷரைப் புதிதாகவே போட வேண்டும். பழைய வாஷரைத் தீயில் காட்டிப் போட்டால் சில மாதத்தில் 'சக் சக்' என்று சத்தமும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பும் கிளம்பும்.

ஓடிக்கொண்டே இருக்கும்போது இழுவை குறைந்து நிற்கிறது

எவ்வளவு நேரம் கழித்து நிற்கிறது, நின்ற பிறகு என்ன செய்தால் ஓடுகிறது, இந்த இரண்டையும் எழுதி வையுங்கள். மெக்கானிக்கிடம் இதைச் சொன்னாலே பாதிச் சோதனை மிச்சம்.

அரை மணி ஓடி நிற்கிறது, பத்து நிமிடம் ஓரம் கட்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடுகிறது என்றால் டேங்க்குக்குள் குப்பை. உறிஞ்ச உறிஞ்ச அது உள்ளே இருக்கும் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் உதிர்ந்து விழுந்துவிடும். இதை உறுதி செய்ய, ஃபில்டருக்கு வரும் லைனைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, சைக்கிள் பம்பால் டேங்க்கை நோக்கிக் காற்றடியுங்கள். பின்னால் 'குபுகுபு' சத்தம் கேட்க வேண்டும். இதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வண்டி பறந்தால் டேங்க்கை இறக்கிக் கழுவுங்கள்.

நின்றதும் டேங்க் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிறதா? காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அடுத்த தடவை மூடியைத் தளர்வாக வைத்து ஓட்டிப் பாருங்கள்.

ஏற்றத்தில் மட்டும் மூச்சு வாங்குகிறது, சமதரையில் சரியாக இருக்கிறது என்றால் ஃபில்டர். அதையும் மாற்றியாகிவிட்டது என்றால் கேன் சோதனை. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை வைத்து, வண்டியின் டேங்க்கையும் லைனையும் விட்டுவிட்டு நேராக ஃபில்டருக்கு ஒரு குழாய் விடுங்கள், ரிட்டர்னையும் அதே கேனுக்குத் திருப்புங்கள். பானெட்டுக்குள் சூடான எதையும் தொடாமல் கட்டி, நின்ற இடத்திலேயே நன்றாக ரேஸ் செய்து பாருங்கள். கேனில் சரியாகி, டேங்க்கில் திணறினால் பம்பைப் பற்றி இனிப் பேசவே வேண்டாம். கேனிலும் திணறினால்தான் பம்பு, நாசில், அல்லது டர்போ குழாய் விரிசல் என்று முன்னால் போக வேண்டும். 14,000 ரூபாய்க்கு முன் நான் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

ஐடிலில் இன்ஜின் வேகம் ஏறி இறங்குகிறது

பழைய முறையில் பெரும்பாலும் காற்றுதான், மேலே சொன்ன டியூபை எடுங்கள். இன்னோவாவில் பம்பின் மேல் இருக்கும் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு இதற்குப் பேர்போனது. பம்பைக் கழற்றாமலே வால்வை மட்டும் மாற்றலாம். "பம்பு அசெம்பிளியாத்தான் வரும்" என்று சொன்னால் வேறு கடை பாருங்கள்.

ஏறி இறங்காமல், ஒரே சீராக உதறுகிறது என்றால் ஒரு சிலிண்டர் சரியில்லை. பழைய முறையில் ஒவ்வொரு பைப் நட்டாகத் தளர்த்திப் பாருங்கள். எதைத் தளர்த்தும்போது இன்ஜின் சத்தத்தில் மாற்றமே இல்லையோ, அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே சும்மா இருக்கிறது. காமன் ரெயிலில் இதே தகவலை ஸ்கேனர் சொல்லும்.

புகை

கறுப்பு: டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டுங்கள், கிரானைட் லாரி ஓடும் ரோட்டுப் பக்கம் வீடு என்றால் புதிதே வாங்கிவிடுங்கள். பிறகுதான் நாசில். வெள்ளை, கண் எரியும் டீசல் வாடை: எரியாத டீசல், ஹீட்டர் அல்லது டைமிங். வெள்ளை, ஆனால் இனிப்பு வாடை: ரேடியேட்டர் தண்ணீர், டீசல் பக்கமே போகாதீர்கள். நீலம்: ஆயில். நீலப் புகை வண்டியை வாங்காதீர்கள், வாங்கியிருந்தால் என்னிடம் கேட்காதீர்கள்.

டீசலில் தண்ணீர்

ஆழ்துளைக் கிணறு வண்டிக்கும் டிராக்டருக்கும் பேரலில் வாங்கி வைத்த டீசலை அவசரத்துக்குக் காரில் ஊற்றுவது நம் பக்கத்துப் பழக்கம். பேரல் பகலில் காய்ந்து ராத்திரியில் குளிர்ந்து உள்ளே வியர்க்கும். அடியில் தண்ணீர் நிற்கும். பம்புக்குள் தனியாக ஆயில் கிடையாது, டீசல்தான் அதற்கு எண்ணெய். தண்ணீர் போனால் தேயும். மண்ணெண்ணெய் கலந்தாலும் அதே கதி, அதில் வழவழப்பு கிடையாது. தண்ணீர் விளக்கு எரிந்தால் ஃபில்டர் அடித் திருகைத் திறந்து சுத்தமான டீசல் வரும்வரை விடுங்கள். மூன்று நாளில் மறுபடி எரிந்தால் டேங்க்.

பெட்ரோல் போட்டுவிட்டார்களா? சாவியைத் திருப்பவே வேண்டாம். பங்க்கிலிருந்தே தள்ளி ஓரம் கட்டி, டேங்க்கைக் காலி செய்யுங்கள்.

சரியான பிறகு

டேங்க் கழுவிய வண்டியில் புது ஃபில்டர் போட்டு 500 கிலோமீட்டரில் அதை மறுபடி மாற்றுங்கள். லைனுக்குள் ஒட்டியிருந்த மிச்சக் கசடு அதற்குள் வந்து சேர்ந்திருக்கும். கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் ரம்பத்தால் அறுத்துத் தாளை விரித்துப் பாருங்கள், ஒரு காந்தத்தையும் ஓட்டுங்கள்.

பிறகு காகிதம். 15 வருடம் முடிந்த காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய், 20 வருடம் தாண்டினால் 2025 முதல் அதற்கும் மேல். பசுமை வரி தனி. பெயர் மாற்றப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கும்போதே, வண்டி மேல் பழைய கடன் இருந்தால், அது தீர்ந்ததற்கான படிவம் 35-ம் வாங்கிவிடுங்கள். என் இண்டிகாவுக்கு அந்த 35 மட்டும் இல்லை. முந்தின ஓனரைத் தேடி அரூருக்கு நாலு தடவை போனேன். நாலு தடவையும் அதே இண்டிகாவில்தான், ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.